பழைய கார்ப் வண்டி, முதல் டிராக் நாள்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்ப்பதுதான் டிராக் நாள். ரோட்டில் குறையே சொல்ல முடியாத வண்டி, டிராக்கில் மூன்றாவது சுற்றிலேயே திணறும். கார்புரேட்டர் (சுருக்கமாக கார்ப்; காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குத் தருவது) வைத்த பழைய கார்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ரோட்டில் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து எத்தனை நொடி வைத்திருப்போம்? ஐந்தோ ஆறோ. டிராக்கில் ஒரு செஷன் 15 முதல் 20 நிமிஷம். அதற்குள் பெட்ரோல் லைன், பற்றவைப்பு, ஆயில், பிரேக் எல்லாமே ரோட்டில் ஒரு மாதத்தில் பார்க்காத சூட்டைப் பார்த்துவிடும். ஒளிந்திருந்த சின்னக் கோளாறெல்லாம் அப்போதுதான் தலைகாட்டும்.

கோளாறு வந்தால் பானெட்டைத் திறப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: எப்போது வந்தது? நேர்ப்பாதையின் கடைசியிலா, வளைவிலா, அதிலும் இடதா வலதா, பிரேக் பிடித்த மறுநொடியா, பிட்டில் (டிராக் ஓரம் வண்டி நிறுத்தும் இடம்) நிறுத்திய பிறகா? ஹெல்மெட்டைக் கழற்றியதும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அரைமணி கழித்து நினைவு மாறிவிடும். கீழே உள்ள தலைப்புகளும் அந்தக் கேள்வியை வைத்தே பிரிக்கப்பட்டவை. ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், கை வலிக்கும் செலவு கடைசியில்.

டிராக் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே டேப்பெட் (வால்வைத் திறக்கும் பாகம்) இடைவெளி, பாயின்ட் (பற்றவைப்பு மின்சாரத்தை வெட்டிவிடும் முனை) இடைவெளி, பிளக், டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்), இந்த வரிசையில் மேனுவலில் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கார்ப் கடைசி. டைமிங் தப்பாக இருக்கும்போது கார்பை ட்யூன் செய்தால், ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பைச் சேர்த்ததாகிவிடும். பெட்ரோல் கசிவு எங்கே தெரிந்தாலும், அது ஒரு சொட்டாகவே இருந்தாலும், வேறெதையும் பார்க்க வேண்டாம். முதலில் அதை நிறுத்துங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

## நேர்ப்பாதையில் நன்றாக இழுத்துவிட்டு, கடைசியில் தளர்கிறது

முதலில் எப்படித் தளர்கிறது என்று பாருங்கள். மூச்சு வாங்குவது போல மெல்ல மெல்ல வலு குறைந்தால் பெரும்பாலும் பெட்ரோல் போதவில்லை. சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டது போல வெட்டி வெட்டிப் போனால் பற்றவைப்பு.

மெல்லத் தளர்கிறது என்றால்

இன்ஜினை நிறுத்திவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஒருவரை பெடலை அடிவரை மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கார்பின் வாய்க்குள் பாருங்கள். த்ராட்டில் தகடு முழுக்க நிமிர்ந்து நிற்க வேண்டும். பாதிக்கு மேல் திறக்காமலே வருஷக்கணக்கில் ஓடிய வண்டிகள் உண்டு. தளர்ந்த கேபிள், பெடலுக்கு அடியில் மடிந்த கார்ப்பெட், இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

அடுத்தது பெட்ரோல் டேங்க் மூடி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் முதல் டிராக் நாளில் மூன்றாவது சுற்றுக்குப் பிறகு நேர்ப்பாதையில் வண்டி சோர்ந்துபோகும். பிட்டுக்கு வந்து ஐந்து நிமிஷம் நின்றால் சரியாகிவிடும். மெயின் ஜெட் (கார்பில் பெட்ரோல் போகும் அளவுத் துளை) சின்னது என்று முடிவு கட்டி, இரண்டு அளவு பெரிதாகப் போட்டேன். மாற்றமே இல்லை. இரண்டு செஷன் அதிலேயே போயிற்று. பக்கத்து வண்டிக்காரர் வயதில் மூத்தவர். வந்து நின்று பார்த்துவிட்டு, "தம்பி, மூடியைத் திறந்து பார்த்தீங்களா?" என்றார். திறந்தேன். 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மூடியில் இருந்த காற்றுத் துளை மெழுகும் தூசியும் சேர்ந்து அடைத்திருந்தது. பெட்ரோல் வெளியே போகப் போக டேங்குக்குள் காற்று வர வழியில்லை. பம்ப் எவ்வளவுதான் இழுக்கும்? குண்டூசியால் துளையைச் சுத்தம் செய்ததும் கோளாறு போய்விட்டது. ஜெட்டையும் பழைய அளவுக்கே மாற்றினேன்.

அதனால் வண்டி தளர்ந்த உடனே, ஆற விடாமல், மூடியைத் திறந்து காதைக் கொடுத்துக் கேளுங்கள். கடையில் புதிதாக வாங்கிய மூடியாக இருந்தால் அது துளையில்லாத ரகமா என்றும் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் மூடிக்குத் துளை கிடையாது. தனி வென்ட் குழாய் இருக்கும். அதை ஊதிப் பாருங்கள்.

மூடி சரி என்றால் ஃபில்டர். லைனில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். கார்புக்குள் பெட்ரோல் நுழையும் இடத்தில், பித்தளை போல்டுக்கு உள்ளே, விரல் நுனி அளவில் ஒரு சல்லடை இருக்கும். பலர் அதைத் திறந்ததே இல்லை. பழைய டேங்கின் துரு அங்கேதான் சேரும். அப்படியே ரப்பர் ஹோஸ்களையும் தடவிப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உள்பக்கமாக உரித்துவிடும். வெளியே புதுசு போலவே இருக்கும். உரிந்த தோல் வால்வு போல மூடிக்கொண்டால் ஐடிலிங்கில் ஒன்றும் தெரியாது, முழு வேகத்தில்தான் தெரியும். எத்தனாலைத் தாங்கும் ஆர்9 வகை ஹோஸாக ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றிவிடுவது என் வழக்கம்.

அதற்குப் பிறகுதான் பம்ப். பற்றவைப்புக் காயிலுக்குப் போகும் வயரைக் கழற்றி, கார்பில் இருந்து ஹோஸை எடுத்து ஒரு உலோக டப்பாவுக்குள் விட்டு, ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் இதைச் செய்யவே கூடாது. துடிப்புத் துடிப்பாக, ஒரே அளவில், நுரையில்லாமல் பெட்ரோல் வர வேண்டும். நுரைத்தால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே எங்கேயோ காற்று இழுக்கிறது. எலெக்ட்ரிக் பம்ப் போட்டிருந்தால் அழுத்தத்தைக் கேஜ் வைத்து அளந்துவிடுங்கள். வெபர், எஸ்யூ என எந்த ரகக் கார்பானாலும் சுமார் 3 பிஎஸ்ஐ போதும். இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்பைக் கார்புக்கு வைப்பது ஆபத்து. கார்புக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும்.

இத்தனையும் சரியாக இருந்து இன்னும் தளர்ந்தால் ஜெட்டைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் அங்கே நிறுத்திக்கொண்டு ரோலிங் ரோடு (வண்டியை உருளைகள்மேல் நிறுத்தி ஓட்டிச் சோதிக்கும் கருவி) உள்ள ட்யூனரிடம் போங்கள். முழு ஆக்சிலரேட்டரில் காற்று-பெட்ரோல் விகிதம் 12.5 முதல் 13 வரை இருக்க வேண்டும். பெட்ரோல் குறைந்து ஓடும் இன்ஜின் பிஸ்டனில் ஓட்டை போட்டுக்கொள்ளும். ஊகத்தில் விளையாடும் இடம் இல்லை.

வெட்டி வெட்டிப் போகிறது என்றால்

பாயின்ட் கருகியிருக்கிறதா, டிஸ்ட்ரிபியூட்டரின் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது) ரோட்டரிலும் கேப்பிலும் விரிசல் இருக்கிறதா, பிளக் வயர்கள் ஒன்றோடு ஒன்று உரசுகின்றனவா என்று பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்டுக்குப் போகும் அந்தக் குட்டி வயரையும் அசைத்துப் பாருங்கள். துணிக்குள்ளேயே அறுந்து, அட்வான்ஸ் தகடு (பொறியை முன்கூட்டியே விழச் செய்வது) நகரும்போது மட்டும் விட்டுப்போகும். கன்டென்சர் மலிவு. கையில் நல்லது ஒன்று இருந்தால் மாற்றிப் பாருங்கள், புதுசாகவே வந்து கெட்டுப்போவதும் உண்டு என்பதால் ஓடிச் சோதித்த பழசையே நான் உதிரியாக வைத்திருப்பேன். காயிலைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். அது சூடானால் மட்டும் மக்கர் பண்ணும், ஆறினதும் நல்லபிள்ளையாகிவிடும். ஆகவே சோதனையைச் சூட்டிலேயே செய்ய வேண்டும்.

## வளைவில் மட்டும் திணறுகிறது

டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது, ஒரு பக்க வளைவில்

பெட்ரோல் ஒரு ஓரமாக ஒதுங்குகிறது. உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கிறது. அரை டேங்குக்குக் கீழே இறங்காமல் ஓட்டுங்கள், போதும். முதல் டிராக் நாளுக்கு இதற்காக டேங்கை வெட்டி ஒட்டத் தேவையில்லை.

டேங்க் நிறைய இருந்தும்

மிதவை அறை. கார்பின் மேல்மூடியைத் திறந்து மிதவை உயரத்தை மேனுவல்படி அளந்துகொள்ளுங்கள். பித்தளை மிதவை என்றால் வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு, காதருகே வைத்து லேசாக ஆட்டுங்கள். உள்ளே 'கிளக்' என்று திரவம் அசைந்தால் ஓட்டை. சத்தம் வரவில்லை, ஆனாலும் சந்தேகம் என்றால் வெந்நீரில் முக்கிப் பிடியுங்கள். ஊசிமுனை ஓட்டையிலிருந்தும் குமிழி வரிசையாக வரும். அதை சால்டர் வைத்து அடைக்க முயல வேண்டாம். உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கிறது. புதுசு போடுங்கள்.

வளைவில் பெட்ரோல் போதவில்லை என்று மிதவையின் மட்டத்தை இஷ்டத்துக்கு உயர்த்துவோர் உண்டு. பிரேக் பிடிக்கும்போது கார்ப் மூழ்கிவிடும். அளவு மேனுவலில் இருப்பதுதான்.

வளைவில் ஆயில் விளக்கு மினுக்குகிறது

அந்தச் சுற்றோடு வெளியே வந்துவிடுங்கள். நீண்ட வளைவில் சம்பில் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் ஒரு பக்கம் ஏறிக்கொள்ள, பம்பின் வாய் காற்றில் நிற்கிறது. விளக்கு எரியும் நேரத்தில் பேரிங்கில் ஆயில் படலம் ஏறத்தாழ இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். குறைவாக இருந்தால் ஊற்றி, மெதுவாக இரண்டு சுற்றுப் போய்ப் பாருங்கள். மேல்கோட்டில் இருந்தும் மினுக்கினால் அன்றைய நாள் முடிந்தது. சம்புக்குள் தடுப்புத் தகடு வைப்பது பட்டறை வேலை. விளக்கை நம்பாமல் ஒரு ஆயில் பிரஷர் கேஜ் போட்டுவிடுங்கள்; இன்ஜின் சூடாக இருக்கையில் ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் ஏறக்குறைய 10 பிஎஸ்ஐ என்பது பழைய கணக்கு.

## வளைவிலிருந்து வெளியேறி மிதித்ததும் ஒரு விக்கல்

ஏர் ஃபில்டரைக் கழற்றி, இன்ஜினை நிறுத்தியபடி, கார்பின் வாய்க்குள் பார்த்துக்கொண்டே த்ராட்டிலைக் கையால் திறவுங்கள். நகர்ந்த அந்தக் கணமே பெட்ரோல் நூல் போலப் பீய்ச்ச வேண்டும். தாமதமாக வந்தாலோ சொட்டினாலோ ஆக்சிலரேட்டர் பம்பின் டயஃப்ரம் காய்ந்திருக்கிறது, அல்லது அதன் ஜெட் அடைத்திருக்கிறது. ஜெட்டுக்குக் காற்று மட்டும்தான். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், அதற்குப் பிறகு அந்த ஜெட் குப்பைக்கு.

எஸ்யூ கார்பில் இந்தப் பம்ப் கிடையாது. அங்கே மேல்குமிழைத் திருகி எடுத்து, டேம்பர் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் பிஸ்டன் சட்டென்று மேலே பறக்கும், கலவை மெலிந்து விக்கும். ஸ்ட்ரோம்பெர்க் கார்பில் இதோடு ரப்பர் டயஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் சரியென்றால், கார்பை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு. ஐடிலிங்கும் கூடவே தடுமாறும்.

## பிரேக் பிடித்ததும் இன்ஜின் ஆஃப் ஆகிறது

கார்ப் மூழ்குகிறது. மிதவை மட்டம், ஊசி வால்வு, பம்ப் அழுத்தம், இதே வரிசையில் பாருங்கள். ஊசியின் நுனியில் விரல் நகத்தால் தடவினால் வளையம் போல ஒரு பள்ளம் தட்டுப்படும். தட்டுப்பட்டால் மாற்றுங்கள்.

## பிட்டில் நிறுத்திய பிறகு சூட்டில் ஸ்டார்ட் ஆகவில்லை

பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரிக்குள்ளேயே ஆவியாகத் தொடங்கிவிடும். ஓடும்போது காற்றும் புதுப் பெட்ரோலும் கார்பைக் குளிர்விக்கும். நிறுத்தியதும் எக்ஸாஸ்ட் சூடு முழுவதும் அதன்மேல் ஏறுகிறது.

பெட்ரோல் வாடை அடிக்கிறது: மிதவை அறை கொதித்து உள்ளே வழிந்திருக்கிறது. பெடலைப் பம்ப் பண்ணாதீர்கள். ஒரே மிதியாக அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். இருமிக்கொண்டு பிடிக்கும்.

வாடையே இல்லை: லைனில் ஆவி அடைத்திருக்கிறது. பானெட்டைத் திறந்து வைத்து ஆற விடுங்கள். நிரந்தரத் தீர்வுக்கு, பெட்ரோல் லைன் எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் போகிறதா என்று பார்த்து நகர்த்துங்கள். அடுத்து கார்புக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவே வெப்பத் தடுப்புத் தகடு. கார்புக்கு அடியில் இருக்க வேண்டிய தடித்த இன்சுலேட்டர் கேஸ்கெட்டை யாராவது மெல்லியதாக மாற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இதை நான் நிறையவே கண்டிருக்கிறேன்.

எதுவானாலும் ஒவ்வொரு செஷனின் கடைசிச் சுற்றையும் பிரேக்கைத் தொடாமல், பெரிய கியரில் மெதுவாக ஓட்டி வாருங்கள். பாதித் தொல்லை வராது.

## நாக்கிங் சத்தம்

ஏற்றத்தில் கூழாங்கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்குவது போலக் கேட்டால் உடனே காலை எடுங்கள். டைமிங் விளக்கு வைத்து, ஐடிலிங்கில் மட்டுமல்லாமல், உயர் ஆர்பிஎம்மில் மொத்த அட்வான்ஸ் எவ்வளவு என்றும் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் எடை ஸ்பிரிங் தளர்ந்த பழைய வண்டிகளில் ஐடிலிங் சரியாக இருந்து மேலே எகிறிப்போயிருக்கும். இரண்டு டிகிரி குறைத்து, உயர் ஆக்டேன் பெட்ரோல் போட்டுப் பாருங்கள். பிளக்கைக் கழற்றிப் பீங்கானைப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகளோ பளபளக்கும் அலுமினியத் துகளோ இருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது. அதற்குமேல் இன்ஜின் மெக்கானிக்தான்.

## சூட்டு முள் ஏறுகிறது

பிட்டில் நிற்கும்போது மட்டும் ஏறினால் ஃபேன், பெல்ட். ஓடும்போது ஏறினால் முதலில் ரேடியேட்டரின் முகத்தில் படிந்த பூச்சி, மண். பிறகு மூடி, அதன் ரப்பர் கிழிந்திருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். பிறகு தெர்மோஸ்டாட், உள்ளே அடைத்த ரேடியேட்டர், வாட்டர் பம்ப். டைமிங் பின்னால் போயிருந்தாலும் சூடு ஏறும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து பாருங்கள். குமிழி ஓயாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட், ட்ரெய்லரில் ஏற்றுங்கள். சூட்டில் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

## பிரேக் பெடல் சரியில்லை

இன்ஜின் நின்றால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இங்கே அப்படி இல்லை.

பெடல் மெத்தென்று தரைவரை போகிறது: பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரியாவது தாங்கும், ஈரம் உறிஞ்சிய பிறகு 140 தான். டாட் 4 க்கு 230, 155. டாட் 5.1 க்கு 260, 180. பழைய வண்டியில் எப்போது மாற்றினார்கள் என்றே தெரியாத ஆயிலை நம்பி டிராக்குக்குப் போகாதீர்கள். புது டாட் 4 ஊற்றி நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்துவிடுங்கள் (பிரேக் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது). சிலிக்கான் டாட் 5 வேறு ரகம், மற்றவற்றோடு கலக்கக் கூடாது. ஏர் எடுத்தும் பெடல் மெதுவாக இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர். அது பிரேக் தெரிந்தவர் கைக்குப் போக வேண்டியது.

பெடல் கல் போல இருக்கிறது, வண்டி நிற்கவில்லை: பேட் சூட்டில் தோற்றுவிட்டது. கருகிய வாடை வரும். ஆறினால் திரும்ப வரும். பாதிக்குமேல் தேய்ந்த பேடை முன்பே மாற்றிவிடுங்கள். தேய்ந்த பேட் சூட்டைச் சீக்கிரம் ஆயிலுக்குக் கடத்தும்.

முதல் மிதி ஆழமாகப் போகிறது, இரண்டாம் மிதி சரி: வேகமான வளைவுக்குப் பிறகு மட்டும் இப்படி என்றால் வீல் பேரிங் ஆட்டம். டிஸ்க் சாய்ந்து பேடைப் பின்னால் தள்ளிவிடுகிறது. ஜாக்கில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பின்னால் டிரம் உள்ள வண்டியில் லைனிங் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருந்தாலும் பெடல் ஆழமாகப் போகும், ஆனால் அது எப்போதுமே போகும்.

ஒரு பக்கம் இழுக்கிறது: காலிபர் பிஸ்டன் இறுகியிருக்கிறது, அல்லது ரப்பர் பிரேக் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கிறது. ஹோஸில் விரிசல் தெரிந்தால் வண்டியை நகர்த்த வேண்டாம்.

சூடான பிரேக்கோடு பிட்டுக்கு வந்தால் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

## ஸ்டியரிங் நடுங்குகிறது

வீல் நட்டை டார்க் ரென்ச்சால் பாருங்கள். முதல் செஷனுக்குப் பிறகு எல்லா நட்டையும் மறுபடி பார்த்தே ஆக வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 இன் 23ஆவது வாரம். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வருஷத்து டயரோடு டிராக்கில் இறங்க வேண்டாம்.

## காலை எடுத்தும் இன்ஜின் வேகம் குறையவில்லை

கிளட்சை மிதித்து, சாவியை ஆஃபுக்குத் திருப்புங்கள், லாக் வரை திருப்பிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஓரமாக நின்ற பிறகு த்ராட்டிலின் ரிட்டர்ன் ஸ்பிரிங்கைப் பாருங்கள். ஒன்று இருந்தால் இரண்டாவதை வேறொரு இடத்திலிருந்து மாட்டுங்கள். வண்டியைச் சோதிப்பவர்கள் முதலில் தேடுவதில் இதுவும் ஒன்று. கேபிள் உறைக்குள் பிசிறு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் மிதிக்கும்போது மட்டும் ஒட்டிக்கொண்டால், இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, பிரேக்கையும் அழுத்தி மிதித்தபடி ஒருவர் கிளட்சை லேசாக விடட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று இன்ஜினைப் பாருங்கள். இன்ஜின் ஒரு பக்கம் எழும்பினால், அதைத் தாங்கும் மவுன்ட்டின் ரப்பர் கிழிந்திருக்கிறது. எழும்பும் இன்ஜின் தானே கேபிளை இழுத்துத் த்ராட்டிலைத் திறந்து வைக்கிறது. மவுன்ட்டை மாற்றாமல் அடுத்த செஷனுக்கு வரிசையில் நிற்காதீர்கள்.